அம்மா கடிதம் போட்ட ஊர்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

அக்டோபர் கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் அருணாசலப் பிரதேசத்தில் சீன எல்லையோரம் இருக்கும் தவாங்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மூன்று வருஷமாகப் பேச்சிலேயே இருந்த விஷயம், இன்று காலைதான் முடிவானது.

1986 முதல் 1988 வரை அப்பா அங்கே ராணுவ லாரி ஓட்டினார். சும்டோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படை வந்து உட்கார்ந்துகொண்டதால், அசாமின் தேஜ்பூரிலிருந்து மேலே ஆளும் பொருளும் ஓயாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு அதெல்லாம் எதுவும் தெரியாது. அவளிடம் இருந்தது ஒரு முகவரி மட்டும். அப்பாவின் எண், பெயர், யூனிட், கீழே ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சலக எண். ஊர்ப் பெயர் கிடையாது. இரண்டு வருஷமும் பெயர் தெரியாத ஓர் ஊருக்கு இன்லாண்ட் கடிதம் போட்டிருக்கிறாள். அப்பாவிடமிருந்து வந்தவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், 41.

“நான் எழுதினதெல்லாம் எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு ஒருவாட்டி பார்த்துட்டு வந்துடணும்” என்றாள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதலில் அனுமதிச் சீட்டு. அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய, அந்த மாநிலத்தைச் சேராத இந்தியர் எல்லோருக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஐ.எல்.பி. என்கிறார்கள். நாகாலாந்து, மிசோரம், 2019 கடைசியிலிருந்து மணிப்பூர் என்று மற்ற மூன்று மாநிலங்களிலும் இதே முறைதான். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, எப்போது வருகிறோம், எங்கே போகிறோம், எதற்காக என்ற விவரங்கள். ஆளுக்கு ஒன்று தனித்தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்றும் இன்று தெரிந்தது. குவாஹாத்தியில் வண்டி எடுத்தால், ஓட்டுநர் அசாம்காரராக இருந்தால் அவருக்கும் ஐ.எல்.பி. வேண்டும். வண்டி பேசும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி. மாநில எல்லையில் இருக்கும் பாலுக்போங் சோதனைச் சாவடியில் போய் நின்றுகொண்டு கேட்டால் ஒரு நாள் போய்விடும்.

ஆகஸ்ட் 9, சனி

பெர்மிட் என்று சொன்னதும் அப்பா முகம் வாடிவிட்டது. “நாங்க போறப்ப மூவ்மெண்ட் ஆர்டர் ஒண்ணுதான். கேட்டைத் திறந்து விடுவான், போய்க்கிட்டே இருப்போம்” என்றார். பிறகு சாப்பிடும்வரை ஒன்றும் பேசவில்லை. பனியில் இரண்டு குளிர்காலம் வண்டி ஓட்டிய மனிதர். அதே சாலைக்கு இப்போது விண்ணப்பம் போடச் சொன்னால் எப்படி இருக்கும்?

சாப்பிட்டபின் நான் படித்ததை அவரிடம் சொன்னேன். இன்னர் லைன் என்கிற இந்தக் கோடு 1873-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வருகிறது. தேயிலை, ரப்பர், யானை, தந்தம் என்று தங்கள் வியாபாரத்தைக் காத்துக்கொள்ளப் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதை எடுக்கவில்லை. காரணம் வேறாகிவிட்டது. எண்ணிக்கையில் சின்னச் சின்னச் சமூகங்கள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தால் நிலமும் பேச்சும் கைவிட்டுப் போய்விடும் என்று அங்கே இருப்பவர்களே இந்தக் கோடு வேண்டும் என்கிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சேலா கணவாயைத் தாண்டி ஜாங் ஊர்ப் பக்கம் இறங்கும்போது வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. இவரும் கூட ஒருவரும். இருட்டிவிட்டது. மேலே ஒரு வீட்டிலிருந்து அந்தப் பகுதியின் மோன்பா பழங்குடி அம்மா ஒருவர் இறங்கி வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். மரக் கிண்ணம். முதல் வாய் இவருக்கு இறங்கவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டு, கிண்ணத்தை வாங்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். மூன்றாவது கிண்ணம் இவரே கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாக இருந்தது, அங்கேதான் வாய் வைக்க வேண்டும் என்று விரலால் காற்றில் காட்டினார்.

“அது அவங்க ஊரு. கேட்டுட்டுப் போறதுல என்ன இருக்கு, போடு” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கனடாவிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவளும் வருகிறேன் என்றாள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே, அது போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதாது. ஓ.சி.ஐ. வைத்திருந்தாலும் அருணாசலத்துக்கு வெளிநாட்டவருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதியைத்தான் வாங்க வேண்டும். அதைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து கேட்க வேண்டும். அத்தானுக்கு அக்டோபரில் விடுப்பு இல்லை. தவாங்குக்கு மேலே சீன எல்லையில் இருக்கும் பும் லா கணவாய்க்கோ வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களை விடுவதே கிடையாது.

அக்கா அழவில்லை. “சரி, நானும் அவரும் சேர்ந்து அடுத்த வருஷம் போறோம். நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். போனை வைத்தபிறகு எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அப்பா அங்கே இருந்தபோது அவளுக்கு நான்கு வயது. கடிதங்களின் ஓரத்தில் கிறுக்கியிருப்பதெல்லாம் அவள்தான்.

ஆகஸ்ட் 30, சனி

மருத்துவரைப் பார்த்தோம். அப்பாவுக்கு 68, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், கட்டுக்குள் இருக்கிறது. போகலாம், ஆனால் அவசரப்படாமல் ஏறுங்கள் என்றார். உயர மலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு பற்றிக் கேட்டேன். உடனே அவர் திருப்பிக் கேட்டது, சல்ஃபா மருந்து யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று. அம்மாவுக்குப் பல வருஷம் முன்னால் ஒரு சல்ஃபா மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்துப்போனது. அம்மாவுக்கு அந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் கேட்காமல் இருந்திருந்தால், நானே கடையில் வாங்கிக் கொடுத்திருப்பேன். நினைத்தாலே பதறுகிறது.

ஆக, மெதுவாக ஏறுவது ஒன்றுதான் வழி. வீட்டுக்கு வந்து உயரங்களைக் காகிதத்தில் எழுதினேன். பாலுக்போங் சில நூறு அடி. பொம்டிலா சுமார் 8,000. திராங் கீழே இறங்கி 5,000. சேலா 13,700. தவாங் 10,000. பெரும்பாலோர் திராங்கில் தூங்கி எழுந்து, மறுநாள் ஒரே மூச்சில் சேலா தாண்டித் தவாங் போகிறார்கள். ஐயாயிரம் அடியில் படுத்து எழுந்தால் உடம்பு மலைக்குப் பழகியதாகாது. நாங்கள் ஏறும்போது பொம்டிலாவில் இரண்டு இரவு தங்குவோம். திராங்கில் தங்குவது திரும்பி இறங்கும்போதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுரங்கமா, கணவாயா? இதற்கே அரை நாள் போனது.

2024 மார்ச்சில் சேலா சுரங்கப் பாதை திறந்துவிட்டார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டியது. சுமார் 13,000 அடியில் இரண்டு சுரங்கங்கள், பெரியது ஒன்றரை கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். குளிர்காலத்தில் பனி மூடி ஊரே துண்டாகிப்போவது இதனால் குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு அது பிடிக்கிறது, பிடிக்கவும் இல்லை. “அந்தக் காலத்துல இது இருந்திருந்தா எத்தனை பேரு பொழைச்சிருப்பான்” என்றார். அடுத்த வார்த்தையே, “ஆனா நான் மேல போகணும்” என்றார். உச்சியில் ஒரு ஏரி இருக்கிறது. அங்கே நின்றால்தான் சேலா வந்த மாதிரி.

கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். போகும்போது சுரங்கம். தவாங்கில் சில நாள் இருந்து உடம்பு பழகியபிறகு, திரும்பும்போது கணவாய். மேலே கால் மணி நேரம், அதற்கு மேல் நிற்பதில்லை. யாருக்காவது தலை வலித்தாலோ குமட்டினாலோ திரும்பும்போதும் சுரங்கம்தான்.

ஜஸ்வந்த்கட்டில் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்றார். 1962 நவம்பரில் அங்கே போரிட்டு மடிந்த கார்வால் ரைபிள்ஸ் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம். அவர் இன்னும் பணியில் இருப்பதாகவே வைத்து, படுக்கையைத் தட்டிப் போட்டு, காலணிக்கு மெருகு போட்டு வைப்பார்கள். அந்த வழியாகப் போகும் எந்த ராணுவ வண்டியும் நிற்காமல் போகாதாம். வழிப்போக்கருக்கும் அங்கே படையினர் தேநீர் கொடுப்பார்கள். அப்பா இதைச் சொல்லும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வடகிழக்கில் சூரியன் முந்தி வருகிறது. அக்டோபர் கடைசியில் ஐந்தரைக்குள் நன்றாக விடிந்துவிடும், மாலை ஐந்துக்கு இருட்டு. ஆகவே காலை ஆறுக்கு வண்டி கிளம்ப வேண்டும், மூன்றரைக்குள் போய்ச் சேர வேண்டும். மலைச் சாலையில் இருட்டில் ஓட்டுவதில்லை என்று ஓட்டுநரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அவர், அவருடைய ஐ.எல்.பி. கையில் இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பும் லா பற்றி. தவாங்கிலிருந்து 37 கி.மீ., 15,200 அடி, எல்லைக் கோடு. ஐ.எல்.பி. வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது, தனி அனுமதி வேண்டும். அதை இங்கிருந்து வாங்கவும் முடியாது. தவாங் போய்ச் சேர்ந்தபிறகு, ஐ.எல்.பி.யும் அடையாள அட்டையும் நகலெடுத்து முந்தைய நாளே மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அதன்மேல் ராணுவத்தின் ஒப்புதல். வண்டியும் உள்ளூர் வண்டியாக இருக்க வேண்டும். பனி விழுந்தால் அதுவும் இல்லை.

எனக்கு இதில் ஒரு நிம்மதி. இப்போதே முடிவெடுக்க வேண்டாம். அம்மா தவாங்கிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா போகலாமா என்பதை அங்கே இரண்டு நாள் இருந்து, அவர் எப்படி நடக்கிறார், எப்படித் தூங்குகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்வேன்.

அப்பா பும் லா போனால், அன்றைக்கு அம்மாவுக்குத் தவாங் மடாலயம். 1680-81-ல் மெராக் லாமா கட்டியது, இந்தியாவின் பௌத்த மடாலயங்களிலேயே பெரியது. 1959-ல் திபெத்திலிருந்து வந்த தலாய் லாமா அங்கே தங்கியிருக்கிறார். ஆறாம் தலாய் லாமா பிறந்த உர்கெல்லிங் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா கேட்டது ஒன்றுதான்: “தபாலாபீஸ் இருக்கா?” இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று விண்ணப்பம் போட்டேன். நம் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை பெயர்தான். படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இருந்தால் இனிஷியலை எங்கே போடுவது? அப்பாவின் ஆதாரில் இனிஷியல் பின்னால், ஓட்டுநர் உரிமத்தில் முன்னால், ராணுவப் பணிப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் முழுதாக. எந்த அட்டையைப் பதிவேற்றுகிறோமோ அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுத வேண்டும், சாவடியிலும் அதே அட்டையைத்தான் காட்ட வேண்டும். மூவருக்கும் ஆதார் என்று வைத்துக்கொண்டேன். விமானச் சீட்டிலும் அதே எழுத்துகள்தானா என்று ஒருமுறை சரிபார்த்தேன்.

புகைப்படம் வீட்டிலேயே, வெள்ளைச் சுவர் முன்னால். அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பழைய பட்டுப்புடவை. கல்யாணத்துக்கு எடுத்தது என்றாள். பட்டின் கரை மடிப்பில் விட்டுப்போயிருந்தது, அந்தப் பக்கத்தைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

போகும் இடம் என்ற கட்டம் வந்தது. மேற்கு காமெங் மாவட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும், அதையும் சேர்த்தேன். அப்புறம் தவாங். நான் தட்டச்சு செய்ததை அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 4, சனி

மூன்று பேருக்கும் அனுமதி வந்துவிட்டது.

கைபேசியில் இருந்தாலும் காகிதமும் வேண்டும். மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஆளுக்கு ஐந்து நகல் எடுத்தேன். பாலுக்போங்கில் காட்ட, விடுதிகளில் கொடுக்க, பும் லா அனுமதிக்கு ஒன்று, மிச்சம் கையிருப்பு.

மாலையில் அடுக்கும்போது அம்மாவுடையது நான்குதான் இருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டது என்று தேடினேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னை மூடிக்கொண்டிருந்தாள்.