மடியில் கொடுத்த பிறகு

அந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறந்தபோது அழவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையைத் தொடங்கி, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33.5 டிகிரியில் வைத்திருந்தோம். ஆனாலும் வலிப்பு நிற்கவில்லை. ஸ்கேனில் மூளையின் ஆழ்பகுதி முழுக்கச் சேதம் என்று வந்தது. வென்டிலேட்டரை எடுக்கும் முடிவும் அவசரத்தில் எடுத்ததல்ல. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கிய நடைமுறைப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்தன. டாக்டர் பெற்றோருடன் பலமுறை உட்கார்ந்து பேசினார். கையெழுத்தும் ஆனது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. ட்யூபை எடுத்துவிட்டு, குழந்தையைத் தகப்பனின் மடியில் கொடுத்தோம். சிசேரியன் தையலோடு தாய் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள். சிறிது நேரத்தில் மூச்சு அடங்கிவிடும் என்றே நினைத்திருந்தோம். அடங்கவில்லை. நீண்ட இடைவெளி விட்டு, வாயைத் திறந்து ஓர் இழுப்பு. மறுபடி இடைவெளி. மறுபடி இழுப்பு.

"மூச்சு விடுகிறானே சிஸ்டர், மெஷினைத் திரும்ப மாட்டலாமா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. அவன் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது மனம் ஒப்பியதாலா, என் குரலுக்குக் கட்டுப்பட்டதாலா?

டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு வார்மர் (குழந்தைகளைச் சூடாக வைக்கும் படுக்கை) தள்ளித்தான் நின்றிருந்தார். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தத் தகப்பன் கேட்டது மனம் மாறியா? கண்ணெதிரே பிள்ளை மூச்சுக்கு இழுக்கும்போது எந்தத் தகப்பனும் அப்படித்தான் கேட்பான். மறுபடி ட்யூப் போட்டிருந்தால் அந்தச் சின்னத் தொண்டையில் இன்னொரு முறை கருவி இறங்கியிருக்கும். சில நாள் கழித்து இதே நாற்காலி, இதே இழுப்பு. மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளம் தானாகச் செய்யும் வேலை அது. வலி தெரியாமலிருக்க மார்ஃபின் போய்க்கொண்டிருந்தது. நெற்றி சுருங்கவில்லை, விரல்கள் இறுகவில்லை. வலிக்கான மதிப்பெண்ணை நான் குறித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது வேறொன்றும் நினைவுக்கு வரும். பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, 1980கள் வரை போதிய மயக்கமருந்து இல்லாமலேயே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைகளின் வலியைப் பற்றி ஆனந்த், ஹிக்கி என்ற இரண்டு மருத்துவர்கள் 1987இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முன்பு அந்த மேசைகளைச் சுற்றி நின்றவர்களும் என்னைப்போல் உறுதியாகத்தான் இருந்திருப்பார்கள். என் அட்டவணையில் பூஜ்ஜியம் என்று எழுதியதை நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்த வேலையை எப்படிச் செய்வது?

இடையில் பாட்டி வந்து, "வாயில் கொஞ்சம் பால் வைக்கலாமா அம்மா?" என்று கேட்டார். தாய் பீய்ச்சி வைத்திருந்த சீம்பாலைப் பஞ்சில் தொட்டுக் கொடுத்தேன். அந்தப் பிரிவில் அன்றாடம் நாங்கள் செய்யும் வாய்ப் பராமரிப்புதான் அது. பாட்டி அதை எதற்காகக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி நீட்டிய பஞ்சை அவளே வாங்கி, பிள்ளையின் உதட்டில் தடவினாள். யாரையும் கேட்காமல் நான் செய்த காரியங்களில் இது மட்டும் என்னைத் தொந்தரவு செய்வதே இல்லை.

விடிவதற்கு முன் குழந்தை போய்விட்டது.

அந்த இழுப்பைப் பற்றி டாக்டர் அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். நானும் கூட இருந்தேன். காதில் விழுவது வேறு, மடியில் பார்ப்பது வேறு. அதனால் இப்போதெல்லாம் நான் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: வாய் திறக்கும், நிறம் மாறும், மணிக்கணக்கில்கூட நீளலாம், ட்யூபைத் திரும்பப் போடச் சொல்லி உங்களுக்கே தோன்றும். அண்மையில் ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அவள் குழந்தை வென்டிலேட்டரிலேயே, யார் மடியிலும் இல்லாமல் இறந்தது. "பயமுறுத்திவிட்டீர்கள் அக்கா" என்றாள் உடன் வேலை செய்யும் பெண். இருக்கலாம். ஆனால் அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டியதைத்தானே சொன்னேன்? அடுத்து வருபவர்களிடமும் சொல்லத்தான் போகிறேன். சொல்லும்போது டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.