பி.எட். செய்முறைத் தேர்வில் ஊசித்துளை காமிரா: வாயால் சொல்லித் தவறினேன், கையால் செய்து தேறினேன்

நேற்று ரிசல்ட் வந்தது, பாஸ். இயற்பியல் அறிவியலில் ஏழாம் வகுப்பு ஒளியியலை டெமோ பாடமாக எடுத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரெக்கார்டு, பாடத்திட்டம், மைக்ரோ டீச்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

மாதிரித் தேர்வில் என் ஊசித்துளை காமிரா, அதாவது லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியாகவே பிம்பம் விழவைக்கும் பெட்டி, ஒரு ஷூ பெட்டிதான். முன்பக்கம் அலுமினியத் தாளில் குண்டூசித் துளை, 20 செ.மீ. தள்ளிப் பின்பக்கம் டிரேசிங் பேப்பர். துளைக்கு 60 செ.மீ. முன்னால் மெழுகுவத்தி வைத்தேன். 3 செ.மீ. சுடர் 1 செ.மீ. உயரத்தில் தலைகீழாக விழுந்தது, பலகையில் இரண்டு முக்கோணம் வரைந்து விகிதத்தையும் காட்டிவிட்டேன். முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பார்வையாளராக வந்திருந்த ஐயா கேட்டார்: "ஏம்மா, துளையைச் சதுரமா வெட்டினா சூரியனோட பிம்பம் எப்படி விழும்?" யோசிக்கவே இல்லை, "சதுரமா விழும் சார்" என்றேன். "வேப்ப மரத்தடியில வெயில் புள்ளி வட்டவட்டமா கிடக்கே, இலை இடுக்கெல்லாம் வட்டமாவா இருக்கு?" என்றார். பதில் இல்லை.

எனக்கு வலித்தது மதிப்பெண் போனதற்காக மட்டும் இல்லை. நான் புதுக்கோட்டைக்காரி. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கங்கண கிரகணம் (நிலா சூரியனின் நடுவை மறைத்து, விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் கிரகணம்) எங்கள் ஊரில் முழு வளையமாகத் தெரிந்தது. அன்றைக்கு வாசல் மரத்தடியில் தரையெல்லாம் வளையல் வளையலாக வெளிச்சம் கிடந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அத்தனையும் சூரியனின் பிம்பம். அதைப் பார்த்தும், பாடம் வேறு மரத்தடி வேறு என்று இருந்திருக்கிறேன்.

மாதிரித் தேர்வு நடந்த அன்று சாயங்காலமே அட்டையில் 5 மி.மீ. சதுர ஓட்டை வெட்டி மாடிக்குப் போனேன். அட்டைக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள் காகிதம் பிடித்தால் சதுரம்தான். ஆனால் மாடிப்படி ஜன்னலில் அட்டையை ஒட்டி, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் பார்த்தபோது மூலையெல்லாம் கரைந்து ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. காரணம் இதுதான்: சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் திரையில் துளையின் வடிவத்திலேயே ஒரு திட்டு வைக்கிறது. உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டி, மையில் தொட்டு, ஒரு வட்டத்துக்குள் நெருக்கமாகக் குத்திப் பாருங்கள். வட்டம் சிறிதென்றால் மொத்தமும் சதுரமாகத் தெரியும், வட்டம் அச்சைவிட ஐந்தாறு மடங்கு பெரிதென்றால் வட்டமாகத்தான் தெரியும். சூரிய பிம்பத்தின் விட்டம் துளையிலிருந்து திரை இருக்கும் தூரத்தில் சுமார் 107இல் ஒரு பங்கு. 10 செ.மீ.யில் அது 1 மி.மீ. கூட இல்லை, 3 மீட்டரில் 28 மி.மீ. இந்தச் சதுரத் துளைக் கேள்வி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய வினாத்தொகுப்பிலேயே இருக்கிறது, 1604இல் வானியலாளர் கெப்ளர்தான் தெளிவாக விடுவித்தார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைச் சொன்னபோது எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். எந்தக் கேள்விக்கும் வாயைத் திறப்பதற்கு முன்னால் கை பெட்டிக்குப் போக வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். எனக்குப் பேச்சு திக்கும், கை திக்காது.

உண்மையான தேர்வில் வந்த முதல் கேள்வி, "துளையைப் பாதி மூடினா பாதி பிம்பம்தானே?" நான் பதில் சொல்லவில்லை. 4 மி.மீ. துளை போட்ட தாளை மாற்றி, ஒரு அட்டையை மெதுவாக அதன் குறுக்கே நகர்த்தினேன். சுடர் முழுசாக இருந்தது, மங்கியது மட்டும்தான். முன்வரிசைப் பிள்ளைகள் "மிஸ், முழுசா தெரியுது" என்று சத்தம் போட்டார்கள், எனக்கு அதற்குமேல் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் வைத்திருந்தவை, வரிசை எல்லாம் பார்க்காதீர்கள்:

- சிவப்பு, பச்சை, நீலம், மூன்று ஜீரோ வாட்ஸ் பல்பு ஒரே பலகையில். இடம் வலமாவது இதில்தான் பளிச்சென்று தெரியும், ஒற்றைச் சுடரில் தெரியாது. ஒன்றைக் கையால் மறைத்தால் அதன் பிம்பம் மட்டும் போகும். ஆயிரம் வருடத்துக்கு முன் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் விளக்குகளை வரிசையாக வைத்துச் செய்ததும் இதேதான்.
- பத்துப் பதினைந்து துளை போட்ட ஒரு தாள். அத்தனை சுடர் விழும். 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸை அதை ஒட்டிப் பிடித்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பிரகாசமான சுடராகும். துளையிலிருந்து திரைக்கு 20 செ.மீ., மெழுகுவத்திக்கு 60 செ.மீ. என்ற தூரங்களை மாற்றிவிடாதீர்கள், சேராது. லென்ஸ் பாடத்துக்குப் போக இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.
- "துளை சிறிதாகச் சிறிதாகத் தெளிவு கூடிக்கொண்டே போகுமா?" போகாது. இந்த அளவுப் பெட்டிக்கு அரை மி.மீ.யை ஒட்டி நிறுத்துங்கள், அதற்குக் கீழே விளிம்பு விளைவால் (துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால்) மறுபடி மங்கும்.
- "துளை ஒளியைக் குவிக்கிறது" என்று சொல்லவே கூடாது. திரையை எங்கே நகர்த்தினாலும் பிம்பம் இருக்கும், அளவும் வெளிச்சமும்தான் மாறும்.
- பிள்ளைகள் கவனம் சிதறினால் ஹம்பி விருபாட்சர் கோயில். ராஜகோபுரத்தின் பிம்பம் உள்ளே ஒரு சுவரில் தலைகீழாக விழுகிறது, காமிராவும் இல்லை லென்ஸும் இல்லை. நான் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

கறுப்புத் துணியை மறந்துவிடாதீர்கள், இரண்டு மீட்டராவது. தேர்வு நடந்த வகுப்பறையில் ஜன்னலுக்குக் கதவே இல்லை, வெயில் நேராக டிரேசிங் பேப்பரில் அடித்தது. எனக்கு முன்னால் செய்த தோழியின் பெட்டி என்னுடையதைவிட நேர்த்தி, ஆனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாவம், அவள் பிம்பம் விழுந்ததாகச் சொல்லித்தான் முடிக்க வேண்டியிருந்தது. நான் பெட்டியின் பின்பக்கத்தையும் பார்க்கிற பிள்ளையின் தலையையும் சேர்த்து மூடினேன், பழைய ஸ்டுடியோக்காரர் மாதிரி. எக்ஸ்டர்னலும் குனிந்து துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பல்புக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீங்களே கொண்டுபோங்கள்.

சூரியனைத் துளை வழியாக யாரையும் நேரே பார்க்க விடாதீர்கள். முதுகை வெயிலுக்குக் காட்டி, காகிதத்தைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். இதைப் பாடத்திட்டத்தில் முன்னெச்சரிக்கை என்று தனியாக எழுதியிருந்தேன், அதைச் சிவப்பு மையில் டிக் அடித்திருந்தார்கள்.