பத்துக்குப் பத்து

கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டு, இடது முனையில் 0 என்றும் வலப்பக்கம் சற்று இடம் விட்டு 1 என்றும் எழுதி, இடைப்பட்ட தூரத்தைப் பத்துச் சம பங்குகளாகப் பிரித்திருந்தேன். ஆறாம் வகுப்பு. தசம எண்கள் பாடம் முடிந்து, தேர்வும் முடிந்து, விடைத்தாளும் கொடுத்தாகிவிட்டது. அந்தத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கிய மாணவனை அழைத்து, 0.3 எங்கே வரும் என்று கேட்டேன். மூன்றாவது பிரிவில் சரியாகக் குறித்தான். 0.125 எங்கே என்றேன். சாக்பீஸ் 1-ஐத் தாண்டிப் போனது. பலகையின் விளிம்பு வரை போய் நின்றது. இதற்கு மேல் இடமில்லையே என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் தம்பி அங்கே?"

"நூற்றிருபத்தைந்து சார். மூன்றைவிட எவ்வளவோ பெரியது."

பின்னால் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட "தப்பு சார்" என்று குரல் கொடுக்கவில்லை. அவன் சொன்னதைவிட அந்த அமைதிதான் என்னை அதிகம் கலங்க வைத்தது.

அன்று மாலை, நான் தயாரித்த வினாத்தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். 'எது பெரியது?' என்று பத்து ஜோடி எண்கள். எட்டு ஜோடிகளில் இரண்டு எண்களுக்கும் புள்ளிக்குப் பின் ஒரே அளவு இலக்கங்கள்: 0.52, 0.71 என்பதுபோல. புள்ளி இருப்பதையே மறந்துவிட்டு 52, 71 என்று படித்தாலும் விடை சரியாக வந்துவிடும். மீதி இரண்டு ஜோடிகள் 0.75, 0.5 என்றும் 0.45, 0.3 என்றும் இருந்தன. அவற்றிலும் இலக்கம் அதிகமுள்ள எண்தான் பெரியது. ஆக, நீளமான எண்ணே பெரிய எண் என்று நம்பும் பிள்ளைக்கு அந்தத் தாளில் ஒரு மதிப்பெண்கூடக் குறைய வழியில்லை. அந்தத் தவறான விதியைச் சரி என்று பத்து முறை சிவப்பு மையால் டிக் போட்டு உறுதிசெய்து கொடுத்தவன் நான்.

இந்த விதி பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. முழு எண்களில் அதுவே உண்மை. 125 எப்போதும் 3-ஐவிடப் பெரியது. பணத்தை எழுதும்போது புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கங்கள் வருவதால் அங்கேயும் விதி உடைவதில்லை. 'புள்ளி நூற்றிருபத்தைந்து' என்று வாசிக்கும் பழக்கம் வேறு. 'ஒன்று, இரண்டு, ஐந்து என்று தனித்தனியாகச் சொல்' என்று திருத்துவோம். வாசிப்பு திருந்தும். உள்ளே இருக்கும் நூற்றிருபத்தைந்து அப்படியே இருக்கும்.

அதே தாளில் ஒரு மாணவி எட்டு மதிப்பெண் வாங்கியிருந்தாள். இலக்கங்கள் சமமாக இல்லாத அந்த இரண்டு ஜோடிகளும் தவறு. ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். மறுநாள் அவளை மேசைக்கு அழைத்து, "0.3, 0.45. எது பெரியதம்மா?" என்று கேட்டேன்.

"0.3 சார்."

"எப்படி?"

"பத்தில் ஒன்று பெரிய துண்டு. நூறில் ஒன்று குட்டித் துண்டு. 0.45-இல் எல்லாம் குட்டித் துண்டுகள்தானே?"

இடமதிப்பு என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பத்துக்குப் பத்து வாங்கியவனுக்குத் தெரியாத ஒன்று அது. "எத்தனை குட்டித் துண்டு சேர்ந்தால் ஒரு பெரிய துண்டு?" என்றேன். "பத்து" என்றாள். பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன. விரல்களை மடக்கினாள். "நாற்பத்தைந்து... நாலு பெரிய துண்டு வந்துவிடும் சார். மேலே ஐந்து மிச்சம்." சற்று நேரம் தாளையே பார்த்தாள். "குட்டித் துண்டுகள் எத்தனை என்று நான் எண்ணவே இல்லை."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கவனக்குறைவு என்று நான் எழுதியிருந்தது அநியாயம். அவள் கவனமாகவே யோசித்திருந்தாள், பாதி வழியில் நின்றிருந்தாள். அவ்வளவுதான்.

பையனுக்குப் பத்து நாட்களுக்கு மேல் ஆனது. நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தில் 0.3-க்கு மூன்று வரிசைகளை முழுதாக வண்ணமடிக்கச் சொன்னேன். 0.125-க்குப் பன்னிரண்டரைக் கட்டம். கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டான். மறுநாள் 0.4, 0.275 என்று எழுதிக் கேட்டால் மறுபடி 0.275 என்றான். அவனுக்கு அந்த விதியைக் கைவிட மனமில்லை, அது அவனுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த விதி. ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டான்: "அப்படியானால் தேர்வில் எல்லாம் சரியாக வந்ததே சார், அது எப்படி?" குற்றம்சாட்டும் குரல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். தவறு என் கேள்வித்தாளில் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் பிறகு வருத்தப்பட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை கணித ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. பென்னி என்று அதில் குறிப்பிடப்படும் பன்னிரண்டு வயது அமெரிக்கச் சிறுவன், அவரவர் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து முன்னேறும் திட்டத்தில் படித்தவன். 80 சதவீதம் எடுத்தால் அடுத்த படி. அவன் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தான், ஆசிரியருக்கும் அவனைப் பற்றி நல்ல எண்ணமே இருந்தது. எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்பான். 2-யும் 10-ஐயும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவான். 0.3-உம் 0.4-உம் சேர்ந்தால் 0.07 என்பான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு விதி இருந்தது, அதை உறுதியோடு விளக்கவும் செய்தான். யாரும் அதுவரை அவனிடம் கேட்கவில்லை.

இது சிறு பிள்ளைகளோடு முடிவதில்லை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், சூத்திரம் தேவைப்படாத, வெறும் கருத்தைச் சோதிக்கும் கேள்விகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அந்த மாணவி நேர்மையாகக் கேட்டதை என் வகுப்பில் எத்தனையோ பேர் கேட்காமலே மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

தேர்வே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. நினைவிலிருந்து எடுத்து எழுதுவது நல்ல பயிற்சி, அதை என் வகுப்பில் வாரந்தோறும் செய்கிறேன். நான் அஞ்சுவது மதிப்பெண் போட்டதும் பேச்சு முடிந்துவிடுவதற்கு. பதிவேட்டில் 10 என்று ஏறிவிட்டால் அந்தப் பிள்ளையை நாம் மறுபடி அழைப்பதில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை அழைக்கவே நேரம் போதவில்லை என்போம், அதுவும் உண்மைதான்.

நாற்பது பேரிடமும் தனித்தனியாகப் பேச என்னாலும் முடிவதில்லை. நாளுக்கு இரண்டு பேரை அழைக்கிறேன், அதில் ஒருவர் முழு மதிப்பெண் வாங்கியவர். கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?" வினாத்தாள் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும், தவறாக நினைக்கும் பிள்ளைக்கும் இதில் சரியான விடை வந்துவிடுமா என்று போட்டுப் பார்க்கிறேன். வேலை இரட்டிப்பாகிவிட்டது.

அடுத்த தேர்வில் ஜோடிகளை மாற்றி, ஒவ்வொன்றின் கீழும் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டேன். வகுப்புச் சராசரி சரிந்தது. தலைமையாசிரியர் விளக்கம் கேட்டார், 'கேள்விகள் மாறின' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையனுக்கு இந்த முறை ஏழு. நான்காவது ஜோடி 0.4, 0.275. முதலில் 0.275-ஐ வட்டமிட்டு, அதை அடித்துவிட்டு 0.4-ஐ வட்டமிட்டிருந்தான். கீழே, கோணல் எழுத்தில்: '0.4 என்றால் நாலு வரிசை. 0.275 மூன்று வரிசைகூட நிரம்பவில்லை.'