பகலில் பேலியோ, ராத்திரியில் கட்டுமீறிய தீனி

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற ஒருவர், ராத்திரியில் கட்டுப்பாடு இழந்து தின்றுவிட்டேன் என்று சொன்னால் உடனே கிடைக்கிற அறிவுரை, இன்னும் கறாராக இரு என்பதுதான். நாளைக்கு முழுநாள் தண்ணீர் விரதம் இரு, வீட்டில் இருக்கும் பிஸ்கட்டையெல்லாம் தூக்கிப் போடு, மன உறுதி வேண்டும், இப்படி. எனக்கும் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், சொன்ன அத்தனை பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நான் வெளியே வந்தது இதற்கு நேர் எதிரான வழியில். பகலில் அதிகம் சாப்பிட ஆரம்பித்தேன், மத்தியானத்துக்குக் கொஞ்சம் சோற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்டிச் சாப்பிடுகிற பேலியோ உணவுமுறைக்கு நான் எதிரி இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பெரியம்மாவுக்கும் சர்க்கரை, எனக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி எல்லைக்கோட்டில் வந்து நின்றபோதுதான் இதில் இறங்கினேன். இன்றைக்கும் மாவுச்சத்தைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். முகநூல் குழுக்கள் வழியாகத் தமிழில் இந்த உணவுமுறை பரவியபோது பாதாம், பட்டர் டீ, நெய்யில் ஆம்லெட், காலிஃபிளவர் சாதம் எல்லாம் சாதாரண வீடுகளின் அடுப்படிக்குள் வந்தன, அதனால் சர்க்கரை இறங்கியவர்களை எனக்கே தெரியும். அந்தக் குழுக்களில் எடை குறைந்த படங்கள் வரும், ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்றபடியே குக்கரில் மீந்த சோற்றைக் கையால் அள்ளித் தின்கிற ராத்திரிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணப் பந்தியில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்குவது நான் சொல்கிற கட்டுமீறிய தீனியில் சேராது. தீபாவளிக்கு இரண்டு அதிரசம் கூடப் போவதும் சேராது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இந்தக் கட்டுமீறிய தீனியை, அதாவது பிஞ்ஜ் ஈட்டிங்கை, தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாத காலம், நடுவில் நிறுத்த முடியவில்லை என்கிற உணர்வோடு, மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது. கூடவே வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கிற வரைக்கும் சாப்பிடுவது, பசியே இல்லாதபோதும் சாப்பிடுவது, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தனியாகச் சாப்பிடுவது, முடிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வருவது. ஒரு டாக்டர் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் மேடம், ஆமாம் மேடம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இது ஒரு நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்று அவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் இதை என் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்ப், அதாவது மாவுச்சத்து, ஒரு போதை, அதைத் தொட்டதால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. எனக்கு அது பொருந்தவில்லை. சோறும் பிள்ளைகளின் பிஸ்கட்டும் மிக்சரும் தீர்ந்த ராத்திரிகளில் நான் சீஸ் பாக்கெட்டையும் வறுத்த பாதாம் டப்பாவையும் காலி செய்திருக்கிறேன், அவற்றில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது? ஆக, இது மாவுச்சத்தை மட்டும் தேடி வந்த பசி இல்லை. உடம்புக்கு வேண்டிய அளவு சாப்பாடு போகாததால் வந்த பசி, அதன் மேல் ‘இது கூடாது, அது கூடாது’ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் விளங்கும். பேலியோ ஆரம்பித்த கொஞ்ச நாளில் பசி தானாகவே மட்டுப்படும், அதுதான் இதன் பெரிய வசதியும் ஆபத்தும். பேலியோ உணவுப் பட்டியலில் காலைக்கு 100 பாதாம் என்று இருக்கும். 100 பாதாம் கிட்டத்தட்ட 700 கலோரி, அது ஒரு முழு வேளைச் சாப்பாடு. பசிதான் இல்லையே, சீக்கிரம் எடை இறங்கட்டும் என்று அதை 30 ஆக்குவோம். ஒரு பட்டர் டீ. மத்தியானம் டப்பாவில் காலிஃபிளவர் பொரியலும் இரண்டு முட்டையும். காலிஃபிளவர் 100 கிராமுக்கு 25 கலோரிதான், வயிறு ரொம்பும், உடம்புக்கு ஒன்றும் சேராது. சாயங்காலம் ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று கொஞ்சம் பனீர். மொத்தத்தில் ஆயிரம் கலோரி தேறுவதே கஷ்டம். இதை வைத்துக்கொண்டு காலையில் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ்ஸில் நின்று, வேலை பார்த்து, திரும்பி வந்து மறுபடி சமைத்து, அவ்வளவும் முடிந்து வீடு அடங்குகிற நேரத்தில் உடம்பு தன் கணக்கைக் கேட்கிறது. அதைப் போய் மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதைப் பற்றிப் படிக்கப் போனபோது என்னை உலுக்கிய ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1,570 கலோரிதான் கொடுத்தார்கள். ஆமாம், 1,570. நம்மில் பலர் டயட் என்ற பெயரில் சாப்பிடுவதைவிட அது அதிகம். அந்த இளைஞர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள், சமையல் குறிப்புகளைத் தேடித்தேடிப் படித்துச் சேர்த்தார்கள். நான் ராத்திரி படுக்கையில் யூடியூபில் பிரியாணி செய்கிற வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோதனை முடிந்து இஷ்டம்போல் சாப்பிடலாம் என்றதும் அவர்களில் சிலர் வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் ஆயிரக்கணக்கான கலோரி சாப்பிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்குச் சாப்பாட்டில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை.

இது உடம்பின் பக்கம். மனசின் பக்கமும் ஒன்று இருக்கிறது. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், அது இயல்பு. எப்போதும் அளந்து அளந்து சாப்பிடுகிறவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அதுதான் கெட்டுப்போச்சே, இனிமேல் என்ன என்கிற எண்ணம். ஒரு மேரி பிஸ்கட்டில் ஆரம்பித்து பாக்கெட்டே முடிந்துபோவது இந்த இடத்தில்தான். ஒரு பிஸ்கட் சர்க்கரையைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ‘நாளையிலிருந்து புதுசா ஆரம்பிக்கிறேன், அதனால் இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சிடலாம்’ என்ற அந்த ஒரு நினைப்புதான் பாக்கெட்டைக் காலி செய்ய வைக்கிறது.

மறுநாள் காலை எடை மெஷின் மேல் ஏறாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். உடம்பு மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது, ஒவ்வொரு கிராமுக்கும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்குகிறது. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும், அதனால் ஒரு ராத்திரி சோறும் இனிப்பும் உள்ளே போனால் காலையில் ஒன்றரை, இரண்டு கிலோ கூடிக் காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பயந்து, அன்றைக்குப் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியே அடுத்த ராத்திரிக்கு வழி திறந்துவிடும். நான் மாதக்கணக்கில் இந்தச் சுற்றில்தான் இருந்தேன்.

சரி, என்ன மாற்றினேன்?

முதலில் விரதத்தை நிறுத்தினேன். விரதம் பலருக்கு ஒத்துப்போகலாம், பிஞ்ஜ் இருக்கிறவர்களுக்கு அது தவறான கருவி என்பது என் உறுதியான கருத்து. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இந்த நோய்க்கு உருவாக்கிய சிகிச்சையில் ஆரம்ப வேலைகளில் ஒன்று நேரத்துக்குச் சாப்பிடுவது: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரம் வந்தால் சாப்பாடு. எனக்கு இது ஆரம்பத்தில் பெரிய பயமாக இருந்தது, ராத்திரியும் தின்று பகலிலும் தின்றால் என்ன ஆவேன் என்று. டாக்டர் சொன்னதை நம்பிச் செய்தேன். காலையில் மூன்று முட்டை ஆம்லெட் நெய்யில், கூடவே தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை. நிலக்கடலை பேலியோவில் கூடாது என்பார்கள், இருக்கட்டும். மத்தியானம் மீன் குழம்பு அல்லது கோழி, நிறைய பொரியல், ஒரு கரண்டி சோறு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொண்டைக்கடலை சுண்டலோ தயிரோ. இந்த ஐந்து மணிச் சாப்பாடுதான் என் ராத்திரிகளை மாற்றியது என்று நினைக்கிறேன், மற்ற எதை விட்டாலும் இதை விட மாட்டேன்.

சோறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேக வைத்த சோறு ஒரு கப்பில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது அதில் பாதிக்கும் குறைவு. கீட்டோ என்று நாள் முழுக்க மாவுச்சத்தை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அதுவே அதிகமாகத் தோன்றும், எனக்கு இப்போது நாள் முழுக்க 100 கிராம் பக்கத்தில் போகிறது, சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சோறு திரும்பி வந்ததன் முக்கியம் கிராமில் இல்லை. பகல் வெளிச்சத்தில், தட்டில் போட்டு, உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கரண்டி சோறு சாப்பிட முடிந்ததும் ராத்திரி குக்கருக்குள் இருக்கிற சோற்றுக்கு இருந்த அந்த இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. என் மாமியார் முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை, ரசத்தை மட்டும் என் பக்கம் நகர்த்திவைத்தார்.

பாதாம் மாவு லட்டு, கீட்டோ கேக், சர்க்கரை இல்லாத சாக்லேட், இவற்றை வீட்டுக்குள் கொண்டுவருவதையும் நிறுத்தினேன். அனுமதிக்கப்பட்ட இனிப்பு என்பதாலேயே கை நிற்காமல் அவற்றைத் தின்றுகொண்டிருந்தேன். அவற்றுக்குப் பதிலாக எப்போதாவது கடையிலிருந்து ஒரே ஒரு நல்ல மைசூர்பாகு வாங்கி, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு எவ்வளவோ மேல். உப்பையும் மறக்காதீர்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றும், சாயங்காலத் தலைவலியும் சோர்வும் சில சமயம் அதனால்தான், அதைப் பசி என்று எடுத்துக்கொள்வோம். எலுமிச்சைச் சாறில் உப்புப் போட்டுக் குடித்தாலே எனக்குத் தெளியும். பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ராத்திரிகள் உடனே நின்றுவிடவில்லை. இடைவெளி கூடியது, ஒவ்வொரு தடவையும் தின்கிற அளவு குறைந்தது, நடுவிலேயே நிறுத்த முடிந்தது. ஒரு நோட்டில் எழுதவும் சொல்லியிருந்தார்கள், கலோரியை அல்ல, எப்போது சாப்பிட்டேன், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை. எழுதிப் பார்த்தபோது இரண்டு விஷயம் துலங்கியது. ஐந்து மணிக்குச் சாப்பிடாத நாட்கள், அப்புறம் யாரோடாவது மனஸ்தாபம் ஆகி அதைச் சொல்ல முடியாமல் விழுங்கிய நாட்கள். முதலாவதைச் சாப்பாடு சரிசெய்தது. இரண்டாவதற்கு டயட்டில் பதில் கிடையாது, அதற்கு என் கணவரிடம் பேச வேண்டியிருந்தது. ராத்திரி அடுப்படியில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். பாத்திரச் சத்தம் கேட்கும், எழுந்து வந்தால் உனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று படுத்திருப்பேன் என்றார். இப்போது எனக்கு முடியாத ராத்திரிகளில் அவரை எழுப்புகிறேன், இரண்டு பேரும் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடப்போம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டர் அளவை மாற்றிக்கொடுக்காமல் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள், சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகலாம். சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினால், பேதி மாத்திரை போடத் தோன்றினால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் டயட் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எடை எவ்வளவு, என்ன டயட் என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. ராத்திரியில் சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள்.