யானைத் தடத்தில் ஒரு குளம்

மழை ஓய்ந்த காட்டில் யானை நடந்துபோன தடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். மியான்மர் காடுகளில் அந்த மாதிரிக் குழிகளில் தவளைகள் முட்டையிட்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கால் பதிந்த இடம், தலைப்பிரட்டைகளுக்குக் குளம்! இதைப் படித்த நாளிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

யானைச் சாணமான லத்தியும் அப்படித்தான். ஒரு உருண்டையைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: நார், சாண வண்டு, செரிக்காத விதை. சில சமயம் பச்சை முளையே எட்டிப் பார்க்கும். ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிற உடம்பு, விதையைப் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் எருவோடு போட்டுவிட்டு நடக்கிறது. காட்டை நட்டதில் பாதிப் பங்கு யானைக்குத்தான் என்பேன்.

லாவோஸின் பழைய அரசுக்கு லான் சாங் என்று பெயர். 'பத்து லட்சம் யானைகள்' என்று பொருள். இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் பல்லுக்கான புனிதப் பேழையைச் சுமந்த ராஜா என்ற யானை 1988இல் இறந்தது. பாடம் செய்த அதன் உடலை இன்றும் அந்தப் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகை வளாகத்தில் பார்க்கலாம். நம் மொழியிலோ ஆணுக்குக் களிறு, பெண்ணுக்குப் பிடி, கன்றுக்குக் கயந்தலை. அப்புறம் வேழம், கரி என்று எத்தனை பெயர்! பக்கத்திலேயே வாழ்ந்தவர்களுக்குத்தான் இத்தனை சொல் வேண்டியிருக்கும்.

2010இல் இந்தியா யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவித்தது. சரி, ஆனால் அதன் வழித்தடத்தை மறித்துத் தண்டவாளமும் மின்வேலியும் நிற்கின்றனவே. 18 முதல் 22 மாதம் வரை சுமந்து பெற்ற கன்று ரயிலில் அடிபட்டுக் கிடக்கும் படம் வந்தால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை.