திருநீற்றுப்பச்சிலைக்கு மீன் அமிலமா, கடல்பாசியா?

தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிற திருநீற்றுப்பச்சிலைத் தொட்டிகளை இந்தக் கோடையில் மூன்றாகப் பிரித்தேன். ஒரு வரிசைக்கு மீன் அமிலம், ஒன்றுக்குக் கடல்பாசிச் சாறு, மற்றதுக்கு வெறும் தண்ணீர். மண்கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: செம்மண், மணல், மக்கிய சாணம்.

மீன் அமிலம் சுலபம். சாளைத் தலையும் குடலும் ஒரு கிலோ என்றால் கருப்பட்டியும் ஒரு கிலோ. "இதை வச்சு என்ன செய்யப் போற மக்களே?" என்று மீன்காரம்மா சிரித்துக்கொண்டேதான் தந்தார்கள். வாளியில் போட்டு மூடி, வாயு போக அவ்வப்போது திறந்துவிட வேண்டும். கவிச்சி போய்ப் புளித்த பழ வாசனை வந்தால் தயார். லிட்டருக்கு 5 மில்லி கலந்தேன். தெருப்பூனை மட்டும் கடைசிவரை வாளியை விட்டு நகரவில்லை.

கடல்பாசிக்குத்தான் பொறுமை வேண்டும். முட்டத்தில் கரை ஒதுங்கியதை மட்டும் அள்ளி வந்தேன். பாறையில் வளர்வதைப் பிய்க்கவில்லை. முக்கியம் உப்பு. அலசிய தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். கரிக்கிறவரை அலசல் நிற்காது. அப்புறம் நறுக்கி, சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கொஞ்சம் கொழகொழவென்று தவிட்டு நிறச் சாறு. ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர்.

மீன் அமிலத் தொட்டிகள்தான் முதலில் எழும்பின. அகன்ற கரும்பச்சை இலை, நீண்ட கணு, பார்க்க அவ்வளவு செழிப்பு. ஆனால் கசக்கினால் பச்சை வாடைதான் முன்னால் வருகிறது. அந்தச் சோம்பு வாசம் மங்கல். வாசம் தரும் எண்ணெய் இருப்பது இலைமேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில். தழைச்சத்து ஏறி இலை விரிந்தால் சுரப்பிகள் விலகிப் போகும். மங்கலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாசித் தொட்டிகளில் இலை சிறிசு, தடிப்பு. கணுவுக்குக் கணு பக்கக்கிளை. கடல்பாசியில் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் உண்டு. கிளைப்புக்கு அது உதவும்.

சித்தியைக் கண்ணை மூடச் சொல்லி மூன்று இலையையும் கசக்கிக் கொடுத்தேன். முதலிடம் பாசி, வெறும் தண்ணீர் இலை மயிரிழையில் பின்னால். மீன் அமிலத்தை, "இது வேற செடியால்ல இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார். ஆக, பாசிச் சாறு வாசத்தை அள்ளிக் கொட்டும் என்று சொல்ல மாட்டேன். கிளை கூடுவதால் பறிக்கக் கிடைக்கும் இலை கூடுகிறது, வாசம் குறையவில்லை. எனக்கு அது போதும்.

ஜூனில் சாரல் பிடித்ததும் தெளிப்பதை நிறுத்தினேன். இலையில் நிற்காமல் கழுவிப் போகிறது. இப்போது வேரில் மட்டும், அதுவும் மண் காய்ந்த பிறகு. அடுத்த நாற்றுக்கு முதல் நான்கு இலைவரை மீன் அமிலம், பிறகு பூக்கும்வரை பாசி என்று மாற்றிப் பார்க்கப் போகிறேன். மீதி மீன் அமிலம் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது.