எலக்ட்ரிக் சோக்கைக் கழற்றிவிட்டு கேபிள் சோக் போட்டேன்

என் பழைய வி8 காரில் இருப்பது எடல்பிராக் 1406 கார்புரேட்டர், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். குளிர்ந்த எஞ்சின் எளிதாகப் பிடிக்க, காற்று வழியை ஒரு தகடால் மறைத்து பெட்ரோல் பங்கைக் கூட்டுவதுதான் சோக். 1406 எலக்ட்ரிக் சோக்கோடு வருவது. அதே 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) அளவில், கையால் இழுக்கும் சோக்கோடு வருவது 1405.

எலக்ட்ரிக் சோக்கில் கறுப்பு மூடிக்குள் ஒரு சுருள் பட்டை இருக்கும். சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் போய், சுருள் சூடேறி, சோக் தகடு மெல்லத் திறக்கும். சிக்கல் என்னவென்றால், அது பெரும்பாலும் தன் ஹீட்டரின் சூட்டுக்குத்தான் ஆடுகிறது. குளிர்ந்த காலையில் எஞ்சின் சூடாகும் முன்பே தகடு திறந்து வண்டி திணறும். ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் நேர்மாறு: எஞ்சினில் சூடு இருக்கும், சுருள் ஆறித் தகடு மூடிக் கிடக்கும், கறுப்புப் புகை வரும். மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி மூடியை ஒரு கோடு லீன் (பெட்ரோல் குறைந்த கலவை) பக்கம் திருப்பினால் புகை குறைந்தது, காலைத் திணறல் கூடியது. சரி, கேபிளுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

மாற்று கிட்டைப் பொருத்துவது எளிது. பொறுமை தேவைப்படுவது கேபிளில்தான். வளைவு மடிப்பாக இருந்தால் உள்கம்பி பிடித்துக்கொள்ளும்; பெரிய வளைவாக விட்டு, வெளி உறையை கார்புரேட்டர் பக்கத்திலேயே கிளாம்ப் போட்டேன். ஏர் கிளீனரைக் கழற்றி, கேபிளை இழுக்கும் குமிழை முழுதாக உள்ளே தள்ளி, தகடு செங்குத்தாக நிற்பதைப் பார்த்த பிறகே ஸ்க்ரூவை இறுக்கினேன். உள்ளே தள்ளியும் தகடு சற்றே சாய்ந்திருந்தால் வண்டி எப்போதும் ரிச்சாகத்தான் (பெட்ரோல் மிகுந்த கலவையில்) ஓடும், பிளக் கரி பிடிக்கும்.

பழைய அமைப்பில் எஞ்சின் பிடித்ததும், அதன் உறிஞ்சலால் நகரும் வேக்குவம் பிஸ்டன் தகடைக் கொஞ்சம் விலக்கும். இப்போது அந்த வேலையும் என் கையில். ஸ்டார்ட் ஆனவுடன் குமிழைக் கொஞ்சம் தள்ளி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு மீதியைத் தள்ளுகிறேன். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஃபாஸ்ட் ஐடிலை (சோக் போட்டிருக்கும்போது எஞ்சின் நிற்காமல் ஓடும் கூடுதல் வேகத்தை) நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு அருகே வைக்கும் வேலை இன்னும் பாக்கி.

வீட்டில் இன்னொருவரும் ஓட்டும் வண்டி என்றால் எலக்ட்ரிக்கையே விட்டிருப்பேன். சோக்கை இழுத்தபடியே ஓட்டினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அப்புறம், எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் அதன் வயரை இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) பிளஸிலிருந்து எடுக்க வேண்டாம். பல பழைய வண்டிகளில் அங்கே ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் குறைந்துதான் வரும். சோக் திறக்கத் தாமதமாகும், ஸ்பார்க்கும் பலவீனமாகும்.